ஒரு போனா, இரண்டு போனா? வர்த்தகர்கள் போட வேண்டிய கணக்கு

புறக்கோட்டை கெய்சர் வீதியில் புடவைக்கடை நடத்தும் நண்பர் ஒருவர், சில வருடங்களுக்கு முன்னர், நோன்புப் பெருநாளுக்கு ஐந்து நாட்கள் மட்டும் இருக்கையில் தனது கைத்தொலைபேசியைச் சன நெரிசலில் பறிகொடுத்தார். இரண்டு சிம் போடக்கூடிய நல்ல போன் அது. கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்ட இலக்கமும் அதற்குள்தான் இருந்தது. வீட்டு இலக்கமும் அதற்குள்தான். வெளியூர் வாடிக்கையாளர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஓடர்கள், கடன் கொப்பியின் படங்கள், வங்கிச் செயலி, வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கம் எல்லாமே அந்த ஒன்றுக்குள்.

பொலிஸ் முறைப்பாடு, சிம் கொம்பனியின் கிளை, வங்கி என்று மூன்று நாட்கள் அலைந்தார். வீட்டு இலக்கம் அன்றே கிடைத்து விட்டது. கடை இலக்கம் கிடைக்கவில்லை. காரணம், பல வருடங்களுக்கு முன்னர் அந்த சிம்மை வாங்கி வந்த கடைப் பையனின் அடையாள அட்டையிலேயே அது பதிவாகி இருந்தது. அந்தப் பையனோ வெளிநாடு போயிருந்தார். "நானா, போன் போனது பெரிசில்ல. கடையே பூட்டின மாதிரி இருந்திச்சு" என்றார் நண்பர் என்னிடம்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு போன்கள் வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கடை இலக்கத்துக்கு அழைத்தேன், பதில் இல்லை. இரண்டாவது போன் லாச்சிக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. ஒன்றில் அடக்கியபோதும் நட்டம், இரண்டாகப் பிரித்தபோதும் நட்டம். ஆகவே, எத்தனை போன் என்பதைவிட, எந்த வேலையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் வர்த்தகர்கள் சிந்திக்க வேண்டிய விடயம்.

பழைய கேள்வி, புதிய வடிவம்

இந்தக் கேள்வி நேற்று வந்ததல்ல. 1989இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் செல்லிடத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்த காலத்தில் போன் என்றால் பேசுவதற்கு மட்டுமே. முகவரிகளுக்கு டயறி, கணக்குக்குக் கல்குலேட்டர் என்று தனித்தனியாகவே இருந்தன. 1994இல் ஐபிஎம் நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட சைமன் என்னும் கருவி போனையும் டயறியையும் ஒன்றாக்கியது. ஆனால் அதன் மின்கலம் ஒரு மணித்தியாலம் அளவே பேச்சுக்குத் தாங்கியது. 1996இல் நொக்கியா 9000 கொமியூனிகேட்டர் வந்தது. திறந்தால் சிறு கணினி, மூடினால் போன். அதே வருடம் பாம் பைலட் என்ற கையடக்க டயறியும் வந்தது. பல வருடங்களாக வர்த்தகர்கள் ஒரு சட்டைப் பையில் போனும் மறு பையில் டயறிக் கருவியுமாகத் திரிந்தார்கள்.

2007இல் ஐபோன் வந்த பின்னர் அந்தப் போட்டி முடிந்தது. கமராவும், டயறியும், கணினியும் போனுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆனால் பின்னர் கடையும் வங்கியும்கூட அதற்குள் போய்ச் சேர்ந்ததால், பழைய கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

ஒன்றில் அடக்குவதன் இலாபம்

ஒரே போனின் நன்மைகளை முதலில் நேர்மையாகச் சொல்லி விடுவோம். ஒரு சார்ஜர் போதும், ஒரு டேட்டா பொதி போதும், மறந்து விட்டுப் போவதற்கும் ஒன்றுதான் இருக்கும். இரண்டு நடுத்தரப் போன்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல போன் வாங்கலாம். பொருளைப் படமெடுத்து விற்பவர்களுக்கு நல்ல கமரா என்பது செலவல்ல, முதலீடு.

வட்ஸ்அப்பைப் பொறுத்தவரையிலும் இப்போது இரண்டு போன் கட்டாயமில்லை. 2018 ஜனவரியில் வெளியான வட்ஸ்அப் பிசினஸ் செயலியைக் கடை இலக்கத்திலும், சாதாரண வட்ஸ்அப்பை வீட்டு இலக்கத்திலும் ஒரே போனில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கை மேலும் நான்கு கருவிகளுடன் இணைக்கவும் முடியும். முதலாளி வெளியே இருந்தாலும் கடைக் கணினியில் ஓடர்களைப் பார்க்கலாம். ஆனால் மூலப் போனை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த கருவிகள் தாமாகவே துண்டிக்கப்படும்.

சிம் இரண்டு, காது ஒன்று

இரண்டு சிம் போடும் போனை வாங்கி விட்டால் இரண்டு போன் வைத்திருப்பதற்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் இரண்டு சிம்களும் ஒரே வானொலிப் பகுதியைப் பங்கிட்டே வேலை செய்கின்றன. பேச்சில்லாத நேரத்தில் அது இரண்டு வலையமைப்புகளையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு சிம்மில் பேசத் தொடங்கியதும் மற்றது செவிடாகி விடும். வீட்டிலிருந்து வந்த அழைப்பில் நீங்கள் பத்து நிமிடம் பேசினால், அந்தப் பத்து நிமிடமும் கடை இலக்கத்துக்கு அழைப்பவருக்குத் தொடர்பு கொள்ள முடியாது என்ற குரலே கேட்கும். "போனை ஓஃப் பண்ணி வைத்திருக்கிறார்" என்று நினைத்து அவர் பக்கத்துக் கடைக்கு எடுப்பார். தவறிய அழைப்பின் அடையாளமும் உங்கள் திரையில் வராமல் போகலாம். விலை கூடிய சில போன்களில் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். வாங்கும்போது இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். கடையிலேயே ஒரு சிம்மில் பேசிக்கொண்டு மற்றதற்கு அழைத்துப் பார்த்து விடுவது இன்னும் நல்லது.

இதற்குச் செலவில்லாத ஒரு பரிகாரம் உண்டு. தொடர்பு கொள்ள முடியாத நேரத்தில் அழைப்பை மற்ற இலக்கத்துக்குத் திருப்பி விடும் வசதிதான் அது. போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் சென்று, "தொடர்பு கிடைக்காதபோது" என்ற இடத்தில், முதல் சிம்முக்கு இரண்டாவதின் இலக்கத்தையும் இரண்டாவதற்கு முதலாவதின் இலக்கத்தையும் கொடுங்கள். கூடவே காத்திருக்கும் அழைப்பைக் காட்டும் வசதியையும் இயக்கி விடுங்கள். அதன் பின்னர் ஒன்றில் பேசும்போது மற்றதற்கு வரும் அழைப்பு காதுக்குள் மணியடிக்கும். திருப்பி விடும் அழைப்புக்கு உங்களிடமிருந்து கட்டணம் அறவிடப்படலாம். அதை உங்கள் சிம் கொம்பனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிறு விடயம். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி காட்டுக்கும் ஒரே இடமே இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் போடலாம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

பணம் வரும் செய்தி, பணம் போகும் சாவி

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடை இலக்கம் என்பது கடையின் முன்கதவு. அதை ஊரெல்லாம் அறிய வேண்டும். யார் வேண்டுமானாலும் தட்டலாம். கடைப் பையனும் திறக்கலாம். வங்கி ஓடிபி வரும் இலக்கமோ இரும்புப் பெட்டியின் சாவி. முன்கதவுச் சாவியையும் இரும்புப் பெட்டிச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துக் கடைப் பையனிடம் எந்த முதலாளியும் கொடுப்பதில்லை. ஆனால் போன் விடயத்தில் அதையே நாம் நாள்தோறும் செய்கிறோம். பில்லில் அச்சிட்ட இலக்கத்தையே வங்கியிலும் கொடுக்கிறோம். ஜும்ஆவுக்குப் போகும்போது அதே போனைக் காசுமேசையில் விட்டுப் போகிறோம்.

மோசடிக்காரர்கள் தேடுவது இந்த இடத்தைத்தான். ஊரறிந்த இலக்கத்துக்கு அழைத்து, வங்கியிலிருந்து பேசுகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று ஏதாவது கதை சொல்லி, "இப்போது வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். வேலை மும்முரத்தில் இருக்கும் பையன் சொல்லி விடுவான். வட்ஸ்அப் கணக்கைப் பறித்து, நண்பர்களிடம் உங்கள் பெயரால் பணம் கேட்பதும் இதே வழியில்தான். ஓடிபி வரும் இலக்கம் ஊருக்குத் தெரியாததாகவும், கடைப் பையனின் கைக்கு வராத போனிலும் இருந்தால், இந்தத் தந்திரங்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நின்று விடும். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய இலக்கத்தையும் போட்டு வையுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லங்காகியூஆர் மூலமும் வங்கி மாற்றல் மூலமும் இப்போது சிறு கடைகளுக்கும் பணம் வருகிறது. பணம் வந்ததா என்று காட்டும் செய்தி முதலாளியின் போனுக்கு மட்டும் வந்தால், முதலாளி இல்லாத நேரத்தில் காசுமேசையில் இருப்பவர் என்ன செய்வார்? வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுப்பார். அந்தப் படம் பழையதாகவோ, திருத்தப்பட்டதாகவோ இருக்கலாம்.

ஆகவே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளலாம். பணம் வரும் செய்தி கடையில் இருக்கட்டும். பணம் போகும் சாவி முதலாளியிடம் இருக்கட்டும். வங்கிக்குச் சென்று, வியாபாரி செயலிக்கும் வரவுச் செய்திக்கும் ஓர் இலக்கத்தையும், ஓடிபிக்கு வேறோர் இலக்கத்தையும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், கியூஆர் பணத்துக்கென்று தனியாக ஒரு சிறு கணக்கைத் திறந்து அதன் செய்தியைக் கடைப் போனுக்கு வரச் செய்யலாம். மாலையில் அதிலுள்ள பணத்தைப் பிரதான கணக்குக்கு மாற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை.

இரண்டு சிம் என்றால் இரண்டு வலையமைப்பா?

ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றது கைகொடுக்கும் என்ற எண்ணத்திலேயே பலரும் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கொம்பனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கொண்டதைப் பலர் கவனிப்பதில்லை. 2018இல் எட்டிசலாட் ஹட்சுடன் இணைந்தது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. எனவே 072, 078 இரண்டும் ஒரு வீடு. 075, 077 இரண்டும் ஒரு வீடு. இப்படி இரண்டு வைத்திருப்பவர் இரண்டு வலையமைப்பு வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு ஒன்றைத்தான் வைத்திருக்கிறார். இன்று நமக்கிருப்பது டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் என்ற மூன்று மட்டுமே. இரண்டாவது சிம்மை வேறு வீட்டிலிருந்து எடுங்கள்.

மின்சாரத்தையும் மறந்து விட முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எந்தக் கடைக்காரரும் மறந்திருக்க மாட்டார். திரை பெரிய ஸ்மார்ட் போன் மாலைக்கு முன் ஓய்ந்து விடும்; பட்டன் போனோ ஒரு சார்ஜில் பல நாட்கள் தாங்கும். போன் பழசாகப் பழசாக இந்த வித்தியாசம் கூடும். பல ஸ்மார்ட் போன்களின் மின்கலம் சுமார் 500 முறை முழுமையாகச் சார்ஜ் ஆன பின்னர் ஐந்தில் ஒரு பங்கு அளவு சக்தியை இழந்து விடுகிறது. தினமும் சார்ஜ் போடும் வியாபாரிக்கு இது ஒன்றரை வருடக் கணக்கு.

இணையம் தடைப்பட்ட நாட்களும் நமக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. வட்ஸ்அப்பும் அதில் அடக்கம். விநியோகஸ்தர்களின் தொடர்பை வட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் திணறினார்கள். சாதாரண அழைப்பு இலக்கங்களைக் கையில் வைத்திருந்தவர்களின் வியாபாரம் நடந்தது.

யாருக்கு எது பொருந்தும்?

பேருவளை சீனங்கோட்டையில் தனியாக மாணிக்கக் கல் வாங்கி விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கடைப் பையன் இல்லை. போனை யாரிடமும் கொடுப்பதில்லை. கல்லின் நிறத்தைச் சரியாகக் காட்டும் கமராவே அவருக்கு முக்கியம். நல்ல போன் ஒன்றும், ஓடிபி சிம்மைப் போட்டு வீட்டில் வைக்கும் பழைய பட்டன் போன் ஒன்றும் அவருக்குப் போதும். பெரிய பணமாற்றத்தை வீட்டில் இருந்து செய்யும் பழக்கம் வந்தால், அவசரத்தில் பிழை விடுவதும் குறையும்.

இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு இரண்டு போன் அவசியம். ஒன்று கடைக்குச் சொந்தம். இரவிலும் கடையை விட்டுப் போகாது. மற்றது முதலாளிக்குச் சொந்தம். கடைப் போன் விலை குறைந்ததாகவே இருக்கலாம்.

லொறியில் ஊர் ஊராகச் சரக்குப் போடுபவருக்கு இரண்டு வலையமைப்புகள் கட்டாயம் வேண்டும். மலைநாட்டு வளைவுகளில் ஒன்று விட்டுப்போனால் மற்றது பிடிக்கும். இரட்டை சிம் போன் ஒன்றும் ஒரு பவர் பேங்கும் அவருக்குப் பொருத்தம்.

வீட்டில் இருந்து தைத்தும் சமைத்தும் விற்கும் சகோதரிகளுக்கு ஒரே போனில் இரண்டு வட்ஸ்அப் போதுமானது. சொந்த இலக்கத்தை அந்நியர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு இரண்டாவது சிம் மட்டுமே வேண்டும். இரண்டாவது போன் வேண்டியதில்லை.

சிறு கணக்கு

உதாரணத்துக்கு, பட்டன் போன் ஒன்றின் விலை 12,000 ரூபா என்று வைப்போம். போன் மூலம் வரும் ஓடர்களில் உங்களுக்கு நாளொன்றுக்கு 4,000 ரூபா இலாபம் மிஞ்சுவதாகவும் வைப்போம். போன் கெட்டு மூன்று நாள் தடைப்பட்டால் 12,000 ரூபா போயிற்று. ஒரேயொரு விபத்தில் இரண்டாவது போனின் விலை தீர்ந்து விடுகிறது. அதே நேரம், போனால் வரும் இலாபம் நாளுக்கு 500 ரூபா என்றால் மூன்று நாள் நட்டம் 1,500தான். அவர் இரண்டாவது போனுக்குச் செலவழிப்பதை விட, முக்கியமான இருபது இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதே புத்திசாலித்தனம். உங்கள் கடையின் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை

1. இரண்டு சிம்களும் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகி உள்ளன என்று பாருங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் அந்த நபர் ஊரில் இருக்கும்போதே மாற்றி எடுங்கள்.

2. வாங்கும் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். *#06# அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ இலக்கம் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிலைப் பாருங்கள். அந்த இலக்கத்தைக் கொப்பியிலும் எழுதுங்கள். போன் தொலைந்தால் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான்.

3. பட்டன் போன் வாங்கினாலும் 4ஜி வசதியுள்ளதாக வாங்குங்கள். பழைய வலையமைப்புகளை உலகெங்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வருகிறார்கள்.

4. இ-சிம் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். போன் உடைந்தால் அட்டையைக் கழற்றி இன்னொரு போனில் போடுவது போல அதை உடனே மாற்ற முடியாது. கடை இலக்கத்துக்குச் சாதாரண அட்டையே நல்லது.

5. இரண்டாவது சிம்முக்கு இடையிடையே ரீலோட் போடுங்கள். நீண்ட நாள் பாவிக்காத முற்கொடுப்பனவு இலக்கத்தைக் கொம்பனி நிறுத்தி, பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அது ஓடிபி இலக்கமாக இருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

6. இரண்டாவது போனுக்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். கடையைப் பூட்டும்போது சார்ஜில் போடுவது அவர் வேலை. பொறுப்பில்லாத இரண்டாவது போன், சாவி தொலைந்த இரண்டாவது பூட்டு.

இவ்வளவும் வாசித்த பின்னரும் முடிவெடுக்க முடியாவிட்டால் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். வியாபாரம் குறைந்த ஒரு நாளில், காலையில் கடையைத் திறந்தது முதல் பகல் சாப்பாடு வரை உங்கள் போனை ஓஃப் செய்து லாச்சிக்குள் வையுங்கள். என்னென்ன வேலை நின்றது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். நின்ற வேலைகள் இரண்டு மூன்றென்றால் ஒரு போன் போதும். பட்டியல் தாளின் அடிவரை போனால், அந்த வேலைகளில் எவற்றை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதையும் அந்தத் தாளே சொல்லும்.

கெய்சர் வீதி நண்பர் இப்போதும் இரண்டு போன்தான் வைத்திருக்கிறார். கடை சிம் அவருடைய பெயருக்கு மாறி விட்டது. கடைப் போனைச் சார்ஜ் போடும் பொறுப்பு கணக்கெழுதும் தம்பியிடம். சென்ற கிழமை கடை இலக்கத்துக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே தம்பி எடுத்தார். "முதலாளி சாப்பிடப் போயிருக்கார். என்ன வேணும் சொல்லுங்க நானா" என்றார்.